பிரசங்க நேரத்து முதுகுகள்

மதலேன் மதாம் வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒரு ஃபைல். ஃபைலுக்குள் மதாமின் முதுகு. ஒன்றல்ல, பதினொன்று.

அழைப்பு மணி என் மூக்குக்கு நேராக இருந்தது. விரல் அதுவரை போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. காலை வெயில் சுவரின் மஞ்சளில் பட்டு என் வெள்ளைச் சட்டைக்கும் மஞ்சள் பூசியது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி என்னைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார். ஃபைலோடு ஒரு வீட்டின் முன்னால் ஐந்து நிமிடம் நிற்பவன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டாக இருப்பான், இல்லாவிட்டால் கணக்கெடுக்க வந்தவன். அவர்களுக்காவது மணி அடிக்கிற தைரியம் இருக்கும்.

உள்ளே இருப்பவர் எழுபதைத் தாண்டியவர். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்து ஓய்வுபெற்றவர். எங்கள் மாதா கோயிலில் பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில், நடைபாதை ஓரம் உட்காருபவர். டவுனில் பாதிப் பேரின் முதுகில் அவருடைய ஸ்கேல் பட்டிருக்கிறது. 'கூனாதே' என்பதுதான் அவர் வகுப்பில் முதல் பாடம், பிரெஞ்சு அதற்கப்புறம்தான்.

அவரிடம் போய், "மதாம், பல வருடமாகப் பூசை நேரத்தில் உங்கள் முதுகை வரைந்துகொண்டிருக்கிறேன். அதை ஊரார் பார்க்கிற மாதிரி மாட்டிவைக்க அனுமதி தர வேண்டும்" என்று சொல்ல வேண்டும். எந்தக் குரலில் சொல்லிப் பார்த்தாலும் கடைசியில் போலீஸ் வருகிற வாக்கியம் அது.

அவர் சரி என்றால், ஐம்பத்தேழு வயதில் முதல்முறையாக என் பெயர் போட்ட ஓவியக் கண்காட்சி நடக்கும். மாட்டேன் என்றால் நடக்காது. கோபப்பட்டால், பூசைக்குப் போக நான் வேறு ஊர் பார்க்க வேண்டும்.

விரலை மணிமேல் வைத்தேன். அது அங்கேயே இருக்கட்டும். இந்த நிலைமைக்கு எப்படி வந்துசேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மச்சானின் கல்யாணப் பரிசு

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'நீங்கள் ஓவியர் என்று கேள்விப்பட்டேனே, அதைப் பற்றி ஏன் எழுதவில்லை?' என்று கேட்டிருக்கிறார். யாரிடம் கேள்விப்பட்டார் என்று தெரியவில்லை. என் வீட்டாரிடம் இல்லை, அது நிச்சயம்.

என் மனைவி செலினின் தம்பிக்குக் கல்யாணம் நடந்தபோது, கடையில் வாங்குகிற பரிசில் என்ன இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மாப்பிள்ளையின் முகத்தை நானே வரைந்து, கண்ணாடி போட்டு எடுத்துப் போனேன். மேடையில் பிரித்துப் பார்த்த பெண்வீட்டுப் பெரியவர் ஒருவர் படத்தைப் பயபக்தியோடு பிடித்துக்கொண்டு, "நல்ல களையான மொகம். எப்ப தவறுனாரு?" என்று கேட்டார்.

மாப்பிள்ளைக்கு அப்போது இருபத்தேழு. அன்று அவன் சாப்பிடவில்லை.

படம் இன்றும் அவன் வீட்டு பீரோவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. மச்சானுக்கு இப்போது ஐம்பத்தைந்து நெருங்குகிறது. சுவருக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தியபோது பார்த்தேன். அச்சு அசலாக இருந்தது. நான் தப்பாக வரையவில்லை, கொஞ்சம் முன்கூட்டியே வரைந்துவிட்டேன்.

அதோடு முகங்களை விட்டேன். இயற்கைக் காட்சிக்குப் போனேன். நோணாங்குப்பம் படகுத்துறையில் ஒருநாள் அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். படகை வரைய ஆரம்பித்தால் படகு ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. தண்ணீரை வரையலாம் என்றால் அது ஒரு நிமிடம் நிற்பதில்லை. பக்கத்தில் மாங்காய் விற்றவர் என் அட்டையைப் பார்த்துவிட்டு, காயவைத்த வலையா என்று கேட்டார். தண்ணீர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வலைதான் என்றேன்.

பாலம் கொடுத்த பெஞ்சு

வீடு அரியாங்குப்பத்தில். கோயில் டவுனில். நடுவில் ஆற்றுப்பாலம். நான் ஞானஸ்நானம் வாங்கிய பங்குக் கோயில் என்பதால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு இன்னும் அங்கேதான். செலின் பாடல் குழுவில் இருக்கிறாள். அரை மணி முன்னதாகவே பஸ் ஏறிவிடுவாள். நான் பின்னால் பைக்கில் போவேன், தாமதமாக. 'பாலத்துல மாட்டிக்கிட்டேன்' என்பது என் நிரந்தர வாசகம். பாலம் துடைத்துவிட்டதுபோலக் கிடக்கும் ஞாயிறுகளில்கூட நான் அதில் மாட்டியிருக்கிறேன்.

தாமதமாக வருகிறவனுக்குக் கடைசி பெஞ்சு. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

எங்கள் கோயிலில் இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். யாருக்கும் இடம் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் யார் எங்கே என்பது மாறவே மாறாது. தெரியாமல் வெளியூர்க்காரர் யாராவது உட்கார்ந்துவிட்டால், அந்த இடத்துக்காரர் பக்கத்தில் வந்து நின்று செருமுவார். மூன்றாவது செருமலில் வெளியூர்க்காரர் எழுந்துவிடுவார்.

ஆக, ஒவ்வொரு ஞாயிறும் என் கண்முன்னால் அதே முதுகுகள், அதே இடத்தில், அதே வெளிச்சத்தில். அசையாமல். படகு மாதிரிக் கிளம்பிப் போகாமல்.

சாமியார் தங்கமானவர். பிரசங்கத்தை முடிக்கிற இடத்துக்கு வந்ததும் அவருக்கு இன்னொன்று ஞாபகம் வந்துவிடும், அவ்வளவுதான். 'கடைசியாக' என்ற சொல்லை ஒரே பிரசங்கத்தில் நான்கு முறை கேட்டிருக்கிறேன். நான் டவுனை ஒட்டிய மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் டப்பா செய்கிற கம்பெனியில் சரக்கு அனுப்புகிற பிரிவில் இருக்கிறேன். என் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். எழுத நீலம், சரிபார்க்க சிவப்பு. கையில் பூசைத் தாள் இருந்தது. அன்றைய பைபிள் வாசகங்களும் பாட்டுகளும் ஒரு பக்கத்தில் அச்சடித்த ஒற்றைத் தாள், மறுபக்கம் வெற்றுத்தாள். முன்னால் பிளம்பர் மரியதாஸின் காலர்.

இரண்டாவது 'கடைசியாக' வருவதற்குள் காலரை முடித்திருந்தேன். நான்காவதில் முதுகே வந்துவிட்டது.

பக்திமான்

இப்படி எத்தனை வருடம் ஓடியது என்று கேட்காதீர்கள். கோயிலில் இரண்டு முறை பெயின்ட் மாறியது. என் தலையிலும் கொஞ்சம் மாற்றம்.

தாள்களைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஒரு தகர டப்பாவில் அடுக்கி அலமாரியில் வைத்தேன். செலின் அதைப் பார்த்தாள். அச்சடித்த பக்கம் மேலே இருந்தது. அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு மனைவி கணவனை அப்படிப் பார்ப்பது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. பேசாமல் இருந்துவிட்டேன்.

அதிலிருந்து அக்கம்பக்கத்தில் என் மரியாதை ஏறியது. "எங்க வூட்டுக்காரரு ஒரு பூசைத் தாளைக்கூட தூக்கிப் போட மாட்டாரு, அத்தனையும் எடுத்து வச்சிருக்காரு" என்று அவள் மாதர் சங்கத்தில் சொல்லியிருக்கிறாள். ஒரு தவக்காலத்தில் என்னைப் பேச அழைக்கலாமா என்றுகூட யோசித்தார்களாம். தொண்டை சரியில்லை என்று தப்பித்தேன்.

சலானோடு போன முதுகு

ஞாயிற்றுக்கிழமைத் தாளை மடித்து சட்டைப்பையில் வைப்பேன். சில சமயம் அதே சட்டையை மறுநாளும் போட்டுக்கொண்டு போவதுண்டு. (செலின் இந்த வரியைப் படிக்காமல் இருக்க வேண்டும்.) அப்படி ஒரு திங்கட்கிழமை, பையிலிருந்த காகிதங்களை எடுத்து சரக்குச் சலான்களோடு சேர்த்து பின் அடித்து அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் போன் வந்தது. டவுனில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் பேக்கரி நடத்துகிற நிவேதா என்ற பெண். கேக் டப்பாக்கள் எங்களிடம்தான் வாங்குகிறார். போனில் குரல் கேட்டே பழக்கம், ஆளைப் பார்த்ததில்லை.

"சார், உங்க சலானுக்குப் பின்னாடி ஒரு ஆளோட முதுகு வந்திருக்கு."

சரக்குப் பிரிவில் இத்தனை வருடம் இருந்தவனுக்குப் போன் என்றாலே புகார்தான். மன்னிப்புக் கேட்டேன். தவறாக வந்திருந்தால் வண்டியிலேயே திருப்பி அனுப்பச் சொன்னேன். அடுத்த லோடில் மாற்றித் தருகிறோம் என்றும் சொன்னேன்.

"இதை எப்டி சார் மாத்துவீங்க? இது எங்க பிளம்பர் மரியதாஸ் அண்ணன்தானே?"

நான் உட்கார்ந்துவிட்டேன். முகத்தை வரைந்து ஒரு கல்யாணத்தைக் கெடுத்தவன் நான். முகமே இல்லாத ஒரு படத்தைப் பார்த்து, எங்கேயோ இருக்கிற ஒரு பெண், இது இன்னார் என்று பெயர் சொல்கிறாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"அவரு எங்க சிங்க்குக்குள்ள தலைய வுட்டுட்டு வேலை பாப்பாரு சார். நான் பாத்ததெல்லாம் இந்தப் பக்கம்தான்."

அடுத்த சனிக்கிழமை டப்பாவோடு பேக்கரிக்குப் போனேன். வெண்ணெய் வாசனைக்கு நடுவில், மாவு பிசைகிற நீண்ட மேசையைத் துடைத்துவிட்டு, தாள்களைப் பரப்பினார். முப்பது வயது இருக்கும். ஒரு தாளை எடுப்பார், வைப்பார், மறுபடி அதையே எடுப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு வேர்த்ததற்கு அடுப்பின் மேல் பழி போட்டேன்.

கடையின் மாடியில் ஓர் அறை. அங்கே ஓவியர்கள் படம் மாட்டுவார்கள், காபி குடிக்க வருகிறவர்கள் ஏறிப் பார்ப்பார்கள். அடுத்தடுத்து இரண்டு பேர் அறையைக் கேட்டிருக்கிறார்கள், நடுவில் ஒரே ஒரு வாரம் காலி என்றார். பிறகு சொன்னார்:

"படிச்சிட்டு வந்து வரையறவங்க படமெல்லாம் இங்க மாட்டியிருக்கேன் சார். எதுலயும் எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருந்ததில்ல. அந்த ஒரு வாரம் உங்களுக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வேறு யாரும் இல்லை.

நடுச்சுவருக்கு எது என்பதையும் அவரே முடிவு செய்துவிட்டார். மதாமின் முதுகு, வெவ்வேறு ஞாயிறுகளில் வரைந்தது, பதினொரு தாள். இந்த அம்மா இல்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் கூட்டம், கண்காட்சி ஆகாது என்றார்.

செலினின் நிபந்தனை

வீட்டில் டப்பாவைத் திறந்து, தாள்களைத் திருப்பிக் காட்டினேன். செலின் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாதியில் நிமிர்ந்து, போன ஞாயிறு என்ன வாசகம் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதற்கு முந்தின ஞாயிறு? தெரியவில்லை. அவள் மேலும் பார்த்தாள். மரியதாஸ் வந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடுத்ததில் சிரித்துவிட்டாள்.

முழுக்கப் பார்த்துவிட்டு, "நான் எங்க?" என்றாள்.

பாடல் குழு எங்களைப் பார்த்துதான் உட்கார்ந்திருக்கும், உன் முதுகு தெரியாது, முகம்தான் தெரியும், முகத்துக்கும் எனக்கும் உள்ள விவகாரம் உனக்கே தெரியும் என்றேன். தம்பியை நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. வற்புறுத்தவில்லை.

ஆனால் நிபந்தனை போட்டாள். "பொம்பளைங்க முதுகை அவங்கள கேக்காம மாட்டுனீங்கன்னா, நான் அந்த மாடிக்கும் வர மாட்டேன், உங்ககூட பேசவும் மாட்டேன். ஆம்பளைங்களையும் கேட்டுடுங்க."

சரியான பேச்சு. எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது.

மரியதாஸ் வீட்டுக்குப் போனேன். அவர் தாளைக் கையில் வாங்கி, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, யார் இது என்று கேட்டார். நீங்கள்தான் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அவர் மனைவி ஒரே பார்வையில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். மரியதாஸுக்குத் தன் பின்மண்டை வழுக்கை பற்றி அதுவரை தெரியாது. கொஞ்சம் முடி சேர்த்துப் போட்டுத் தரச் சொன்னார். கலைஞன் உள்ளதை மாற்றக் கூடாது என்று கம்பீரமாக மறுத்துவிட்டேன். எனக்கு முடி வரைய வராது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

மற்ற பெண்களிடம் செலினே போய்க் கேட்டாள். எல்லோரும் சரி என்றார்கள். மதாமிடம் மட்டும் போக மாட்டேன் என்றாள். அஞ்சாம் வகுப்பில் பிரெஞ்சு எடுத்தவராம். இன்னும் பயம் போகவில்லையாம்.

மதாம் வீட்டில்

மணி அடித்தது. மதாமே வந்து கதவைத் திறந்தார். திருவிழா வசூலா என்று கேட்டார். இல்லை என்றேன். உட்காரச் சொல்லி, எதிரில் அவரும் உட்கார்ந்தார், நாற்காலியில் சாயாமல்.

மனப்பாடம் செய்துகொண்டு போன முன்னுரை மறந்துவிட்டது. ஃபைலை அப்படியே நீட்டினேன். அவர் முதல் தாளை எடுத்து, அச்சடித்த பக்கத்தைப் படித்தார்.

"தவக்காலம் மூணாம் ஞாயிறு. அலோர், சரி, இதை எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க முசியே?"

"பின்பக்கம், மதாம்."

திருப்பினார். கண்ணாடியை மேலே ஏற்றினார்.

"யாரு இது?"

"நீங்கதான், மதாம். பிரசங்கத்தப்ப வரைஞ்சது."

அவர் கை தானாகப் பின்னால் போய்க் கொண்டையைத் தொட்டது. பிறகு ரவிக்கையின் மேற்புறம் வந்து நின்றது. படத்தில் அந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு சின்னக் கோடு.

"இது?"

"ஊக்கு, மதாம்."

"முந்தானை மறைச்சிருக்கும்னு இல்ல நெனச்சேன். வெளிய தெரியுமா?"

"எல்லா ஞாயித்துக்கெழமையும் தெரியும், மதாம்."

"பின்னால இத்தினி பேரு இருக்காங்களே. ஒருத்தர்கூட சொல்லலியே."

"எங்களுக்கு பயம், மதாம்."

அவர் பதினொன்றையும் மேசைமேல் வைத்து, அச்சடித்த பக்கத்தில் எந்த ஞாயிறு, எந்த ஆண்டு என்று பார்த்துப் பார்த்து வரிசைப்படுத்தினார். வாத்தியார் அல்லவா. பிறகு எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார்.

வரைந்தவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் நான் ஒரு முதுகைத்தான் பார்த்திருந்தேன். பதினொன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்ததில்லை. முதல் தாளில் இரண்டு தோளும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. நான்காவதில் இடது தோள் ஒரு நூல் இறங்கியிருந்தது. ஏழாவதில் கழுத்து கொஞ்சம் முன்னால் போயிருந்தது. கடைசித் தாளில் இருந்த முதுகைத் தெருவில் யார் பார்த்தாலும் வயதானவர் என்று வழிவிடுவார்கள்.

நேராக உட்கார்ந்திருந்தவர் இன்னும் நேராக உட்கார முயன்றார். முடியவில்லை. அதை நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"பேனா சரியில்ல மதாம்" என்றேன். "கோடு கொஞ்சம் எறங்கிடுச்சு."

"பொய் சொல்லாதீங்க முசியே சவரி. உங்களுக்கு அது வரல."

கண்காட்சி முடிந்தது என்று முடிவு செய்துவிட்டேன். தாள்களை எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. ஃபைலில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார்.

மற்றவர்களைக் காட்டினேன். முதலில் மரியதாஸ். யாரென்று தெரியவில்லை என்றார். உங்கள் வீட்டுக் குழாயைச் சரி செய்கிறவர் என்றேன். அவரும் நம் பூசைக்குத்தான் வருகிறாரா என்று கேட்டார். இரண்டாவது தாள் பிலோமினா, பூ கட்டி விற்கிறவர். சரியாக உங்களுக்குப் பின்னால்தான் மதாம், இரண்டாவது பெஞ்சு என்றேன்.

"பாட்டுல எப்பவும் ஒரு குரலு அரை அடி முன்னாடி ஓடும். இவங்களா?"

"இவங்கதான்."

"'பரலோகத்தில்' செபம் சொல்லும்போது ஒருத்தர் இருமுவாரே?"

"நாலாவது பெஞ்சு, மதாம். ஆம்பளைங்க பக்கம்." தாளை எடுத்துக் கொடுத்தேன்.

அந்த முதுகை ரொம்ப நேரம் பார்த்தார். ஒவ்வொருவரையும் அவருக்குத் தெரிந்திருந்தது. இருமலாக, செருப்புச் சத்தமாக, மூக்குறிஞ்சலாக. ஆட்களாகத் தெரியவில்லை. முதல் பெஞ்சில் உட்காருகிறவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பூசை முடிந்ததும் பக்கவாசல் வழியாக முதலில் போய்விடுவார்.

கடைசியில் பதினொரு தாள்களையும் அடுக்கி என்னிடம் நீட்டினார்.

"மாட்டுங்க. ஆனா இதே வரிசையில மாட்டணும். நேரா உக்காருன்னு ஊரையே அடிச்சவ நானு. கடைசியில எப்டி ஆவும்னு அதுங்களும் பாக்கட்டும்."

நன்றி சொல்வதற்குப் பதில், வேண்டுமானால் ஊக்கை மட்டும் அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"ஊக்கு இருக்கட்டும். அது இல்லன்னா நான்தான்னு யாருக்குத் தெரியும்?"

அந்த ஒரு வாரம்

நிவேதா தாள்களை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து, கம்பியில் தொங்கவிட்டிருந்தார். ஒரு பக்கம் வாசகம், மறுபக்கம் முதுகு. மதாமின் பதினொன்றும் நடுச்சுவரில், வரிசையாக. கீழே சின்ன அட்டையில் 'பூசைத் தாளில் பால்பாயின்ட் பேனா' என்று எழுதியிருந்தது. படித்தபோது ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டவன் மாதிரி இருந்தது.

பங்கின் வாட்ஸாப் குழுவில் செய்தி போய், ஜனங்கள் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவருக்கும் தன் முதுகு எது என்று தெரியவில்லை. பின்பெஞ்சுக்காரர் வந்து காட்ட வேண்டியிருந்தது. அவர் முதுகைக் காட்ட அவருக்குப் பின்பெஞ்சுக்காரர். கொஞ்ச நேரத்தில் மாடி அறை முழுக்கக் கோயில் வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தது. மரியதாஸ் தன் படத்துக்குப் பக்கத்தில் திரும்பி நின்று, நிஜ முதுகையும் சேர்த்து மனைவியை போட்டோ எடுக்கச் சொன்னார். எடுத்ததைப் பார்த்துவிட்டு, படத்தில் இருக்கிற முதுகுதான் எடுப்பாக இருக்கிறது என்றார். இதுவரை எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதுதான் முதலிடம்.

மூன்றாம் நாள் மதாம் வந்தார். நடுச்சுவரை அவர் பார்க்கவே இல்லை. நேராக பிலோமினாவிடம் போய், பாட்டில் முன்னால் ஓடுவது நீங்கள்தானே என்று கேட்டார். பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இனிமே நிறுத்திப் பாடுறேன் மதாம்" என்றார். வேண்டாம், ஓடுங்கள், அது கேட்காவிட்டால் எனக்குப் பூசை மாதிரியே இருக்காது என்றார் மதாம்.

சாமியாரும் வந்தார். நான் பயந்தது இதற்குத்தான். அவர் ஒவ்வொரு தாளிலும் முன்பக்கத்தைப் படிப்பார், அன்று என்ன பிரசங்கம் வைத்தோம் என்று யோசிப்பார், பிறகு பின்பக்கம் சுற்றிப்போய்ப் பார்ப்பார். சுற்றச் சுற்ற அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வளர்ந்தது. ஒரு தாளில் வெறும் காலர். இன்னொன்றில் சேலைக் கரையின் நூலை எண்ணிவிடலாம்.

"இதை மட்டும் ஏன் இவ்வளவு நல்லா முடிச்சிருக்கீங்க?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். செலின்தான் கைகொடுத்தாள். "அன்னிக்கு நீங்க நல்லா பேசுனீங்க ஃபாதர்."

அவர் இன்னொரு முறை அந்தத் தாளின் முன்பக்கத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் படியிறங்கினார். ஆனால் மெதுவாக இறங்கினார்.

அதற்கடுத்த ஞாயிறு

பாலத்தில் அன்று நிஜமாகவே மாட்டிக்கொண்டேன். உள்ளே போனபோது பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில், நடைபாதை ஓரத்தில், ஓர் ஆள் இடம் காலி. அதில் உட்கார யாருக்கும் துணிச்சல் இல்லை.

மதாம் கடைசி பெஞ்சில் இருந்தார். எனக்குச் சரிசமமாக, நடைபாதைக்கு அந்தப் பக்கம். இங்கே உட்கார்ந்தால் பின்னால் யாரும் இல்லை, ஊக்கைப் பற்றிக் கவலை இல்லை என்று காரணம் சொன்னார். ஆனால் பூசை முழுக்க அவர் கண் ஒவ்வொரு பெஞ்சாகப் போய்க்கொண்டிருந்தது. நான்காவது பெஞ்சுக்காரர் இருமியபோது, தெரிந்தவரைக் கண்ட மாதிரித் தலையசைத்தார்.

பிரசங்கம் ஆரம்பித்தது. பேனாவை எடுத்தேன். பிலோமினாவின் கொண்டையில் அன்று நெருக்கமாகத் தொடுத்த மல்லிகைச் சரம். கொண்டையின் வளைவைப் போட்டு முடிக்கவில்லை, சாமியார் 'ஆமென்' சொல்லிவிட்டார். ஏழு நிமிடம். ஒரு 'கடைசியாக'கூட இல்லை. பெஞ்சுகளில் மகிழ்ச்சி அலைபோலப் பரவியதைப் பின்னாலிருந்து நான் பார்த்தேன். இத்தனை முதுகுகள் ஒரே நேரத்தில் தளர்ந்து நான் கண்டதில்லை.

பூசை முடிந்ததும் சாமியார் வழக்கம்போல வாசலில் நின்றார். ஜனங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இன்று பிரசங்கம் பிரமாதம் என்று மனதாரப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கவாசலில் போகாமல் மதாமும் அந்த வரிசையில் வந்தார். அவர் முறை வந்தபோது படியெல்லாம் அமைதியாகிவிட்டது.

"ஃபாதர், இன்னிக்கு சீக்கிரமா முடிச்சிட்டீங்க. பழையபடி நீட்டிப் பேசுங்க." ஸ்கேல் மாதிரி ஒரு விரல் என் பக்கம் திரும்பியது. "முசியே சவரிக்கு இன்னும் ரெண்டாவது பெஞ்சே முடியல."

மொத்தக் கோயிலும் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. மரியதாஸ் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அடுத்த ஞாயிறு சாமியார் முப்பத்தைந்து நிமிடம் பேசினார். சரத்தில் ஒவ்வொரு மொட்டாகப் போட்டுக்கொண்டே வந்தேன். அவர் முடித்தபோது, நடைபாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மதாம் என் தாளை எட்டிப் பார்த்தார். பிலோமினாவின் கொண்டையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு, யாருக்கும் தெரியாமல், இரண்டு விரலைக் காட்டினார்.

இன்னும் இரண்டு மொட்டு பாக்கி.